மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்ற மனைவி

அஜக்ஸ்,
16 ஒக்ரோபர் 1998

அன்புள்ள மச்சான் சீமோனுக்கு,

ஆண்டவருடைய தயவால் இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் நீரும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். தான் என்னோடு நான்கு நாட்கள் பேசவில்லை என்று உம்முடைய அக்கா மக்டலீன் ரெலிபோனில் சொல்லியிருப்பாள். காரணத்தை எப்படிச் சொன்னாளோ தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கண் சரியாகத் தெரியாமல் கைப்பழக்கத்தில் எழுதுவதால், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

அரசாங்க அலுவல்களையெல்லாம் வரிசையில் நில்லாமல், ஓர் அட்டையையும் ஆறு இலக்க இரகசிய எண்ணையும் கொண்டு ஒரு மெசினிலேயே முடிக்க இங்கே ஒரு திட்டம் போடுகிறார்கள். அந்த மெசினைச் செய்யும் கொம்பனியில்தான் எங்கள் மகள் அன்ரனெற் வேலை செய்கிறாள். கள்ளன் புகமுடியாமலும் இருக்க வேண்டும், கிழவனுக்கும் விளங்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. கள்ளனுடைய பகுதியைச் சென்னையிலிருந்து வந்த வெங்கட் என்ற இன்ஜினியர் முடித்துவிட்டார். கிழவர்களுடைய பகுதியைச் சோதிக்க எட்டுப் பேரைத் தேடினார்கள். முப்பத்திரண்டு வருடம் தபாலதிபராக இருந்தவனுக்கு இரகசியம் காக்கச் சொல்லித்தர வேண்டுமா? ஒத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு தேவை இருந்தது. அஜின்கோர்ட்டிலிருந்து ஓகஸ்டில் இங்கே வீடு மாறினோம். என் கண் ஒப்பரேசனுக்குத் திகதி குறித்து வரும் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால், அடுத்த திகதிக்கு ஏழெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். மெசினில் விலாசத்தை அன்றைக்கே மாற்றலாம் என்றார்கள்.

பதிவு செய்த அன்று வெங்கட் கேட்டார்: "உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேர் என்ன சார்?"

"கலியாணத்துக்கு முதலும் பிறகும் அன்னம்மாதான் தம்பி."

"குடும்பப் பேர் இல்லாம மெசின் மேல விடாது சார்."

"உங்கட அம்மான்ரை குடும்பப் பேர் என்ன?"

அவர் சற்று யோசித்தார். "எங்க அம்மாவுக்கும் இல்ல சார்" என்றார். அந்தக் கேள்வியை எழுதியவரே அவர்தான்.

பிறகு இரகசிய எண்ணைத் தெரிவு செய்து, கணவன் மனைவிக்கும் சொல்லக்கூடாது என்ற தாளை வெங்கட் வாசிக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். 401 நெடுஞ்சாலையில், அன்ரனெற் ஓட்டிய காருக்குள் உம்முடைய அக்கா கேட்டாள்.

"என்ன நம்பர் போட்டனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

"நான் ஒருத்தரோ?"

அதற்குப் பிறகு பேச்சில்லை. சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வந்தது. "சோறு ஆறுதெண்டு அப்பாவிட்டைச் சொல்லு" என்று அன்ரனெற் மூலம் செய்தியும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அஜின்கோர்ட் பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றில் சோதனை. மெசினுக்கு முன்னால் நிலத்தில் மஞ்சள் கோடு. என்னைத் தவிர யாரும் அதைத் தாண்டக்கூடாது. எனக்கோ வலக்கண் முழுக்கப் பனிப்புகார், இடக்கண் அரைப் புகார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஊர்ந்தது. கை போன இடத்தில் அமர்த்தினேன். மெசின் கோபமாக இரண்டு தரம் கத்தியது. அப்போது கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"இஞ்சரப்பா, அது பிழை! இப்ப நம்பரைக் கேக்குது!"

நான்கு நாட்களுக்குப் பிறகு கேட்ட குரல். சந்தோசத்தில் எனக்குத் தாள் மறந்துபோயிற்று.

"ஒண்டு எங்கை கிடக்கு?"

"மேலை, இடப்பக்கம்!"

"ரெண்டு?"

"அதுக்குப் பக்கத்திலை!"

"மூண்டு?"

சத்தமில்லை. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"உந்த நம்பரையோ நாலு நாளா ஒளிச்சு வைச்சனீங்கள்?"

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று மெசின் அட்டையை விழுங்கிவிட்டது. வெங்கட் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு கூட்டம் வைத்தார்கள். எண்ணை வேறு யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டபோது எட்டுப் பேரும் கை உயர்த்தினோம். ஒரு சீன அம்மா எண்ணை அட்டையிலேயே எழுதி வைத்திருந்தார். "முதியவர்களுக்கு இன்னும் பயிற்சி கொடுக்க வேண்டும்" என்றார் பெரிய அதிகாரி. அழைக்காமலே வந்திருந்த உம்முடைய அக்கா எழும்பினாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல அன்ரனெற் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"கண் தெரியாத மனிசனுக்கு மனிசி வாசிச்சுக் காட்டுறது களவோ? எனக்கு அவற்றை நம்பர் வேண்டாம். எனக்கும் ஒரு அட்டை தாங்கோ. நான் ஆரெண்டு மெசினுக்குச் சொல்லிப்போட்டு, அவர் ஓமெண்டா உதவி செய்யிறன். பிழை விட்டால் என்னைப் பிடியுங்கோ."

வெங்கட் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார்.

மூன்று வாரத்தில் உதவியாளர் அட்டை என்று ஒன்று செய்துவிட்டார்கள். தாயின் குடும்பப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று விலாசத்தை மாற்றினோம். ஆஸ்பத்திரிக் கடிதம் நேற்று அஜக்ஸுக்கே வந்தது. நவம்பர் ஒன்பது ஒப்பரேசன். இந்த நாட்டுக் கடதாசிகள் எல்லாவற்றிலும் உம்முடைய அக்கா "அமிர்தநாதரில் தங்கி வாழ்பவர்" என்றுதான் இருந்தாள். இந்த அட்டையில் மக்டலீன் என்று மட்டும் இருக்கிறது. எனக்கு வாசிக்க முடியாது என்று தெரிந்தும் இரண்டு தரம் கொண்டுவந்து காட்டினாள்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். தேவமாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

அன்புள்ள அத்தான்,
நீ. அமிர்தநாதர்

பி.கு.: அன்ரனெற் இப்போதுதான் சொல்கிறாள், இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே விடமாட்டோம் என்று எட்டுப் பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோமாம். ஆகையால் இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை, நீர் வாசிக்கவுமில்லை. பாரிஸில் உள்ள சொந்தக்காரருக்கும் லண்டனில் உள்ளவர்களுக்கும் இதன் போட்டோ கொப்பிகள் இன்று காலையே போய்விட்டன. அவர்களும் இதை வாசிக்கவில்லை என்று தயவுசெய்து நீரே அவர்களுக்கு அறிவித்துவிடும்.