அரைப்பேர் போடுற பெரட்டு சேர்

பொகவந்தலாவையில மழை பெய்யாத நாள்கூட உண்டு, பெரட்டு சேர் பேர் கூப்பிடாத நாள் கிடையாது. தேயிலைத் தோட்டத்துல காலையில ஆட்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவாங்களே, அதான் பெரட்டு. எங்க பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் படிப்பிக்கிற இந்த மனுசன் அதை வகுப்புக்குள்ளயே கொண்டாந்துட்டார். அவரோட சொந்தப் பேர் எங்க அதிபருக்கே ஞாபகம் இருக்குமான்னு சந்தேகம்தான்.

எல்லாம் பிள்ளைகளுக்கு டெப்னு கைக்கணினி வந்த பிறகு ஆரம்பிச்ச வெனை. பதினோராம் ஆண்டுப் புத்தகமெல்லாம் அதுக்குள்ள. எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் தொறந்துச்சு, எத்தனை நிமிஷம் வாசிச்சுச்சுன்னு ஆசிரியருங்க எங்க திரையில விழுந்துரும். தமிழ் டீச்சர் நான், ரெண்டு நாள் பார்த்துட்டு விட்டுட்டேன். இவர் விடல.

காலையில பிள்ளைகளை நிறுத்தி வாசிப்பார்: தர்ஷினி, நேத்து ஒரு மணி நேரம், முழுப்பேர். ராஜ்குமார், இருபது நிமிஷம், அரைப்பேர். கொழுந்து கிலோ கொறைஞ்சா தோட்டத்துல அரைநாள் வேலைன்னு எழுதுவாங்க, அதுதான் அரைப்பேர். மறுநாளே ராஜ்குமார் புத்தகத்தைத் தொறந்து வச்சிட்டு கிரிக்கெட் வெளையாடப் போயிட்டான். ஒரே பக்கத்துல மூணு மணி நேரம் விழுந்திருந்துச்சு. இவ்வளவு நேரம் படிச்சிருக்கியே, பார்க்காமச் சொல்லுன்னுட்டார் சேர். பயலுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. எங்க ஊர்க் குளிர்ல வேர்க்கிறதுன்னா சும்மாவா?

ஆசிரியருங்க நிமிஷமும் அதுல விழும். காய்ச்சல்ல கெடந்து வந்த அன்னைக்கு தன் பேரைத் தானே கூப்பிட்டு, தனக்கே அரைப்பேர் போட்டுக்கிட்டார். அதோட நின்னாரா? பிள்ளைகளுக்கு முன்னாலயே எனக்கும் அரைப்பேர். ரெண்டு நாள் நான் அந்த மனுசன்கூடப் பேசல.

டெப் கொடுத்தவங்க ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. ஒரு மாசம் நிமிஷம் கொறைஞ்சா டெப்பைத் திருப்பி வாங்கிருவாங்க. அந்த நேரம் பார்த்து சுகந்தியோட அம்மா மலையில வழுக்கி விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாங்க. சமையல், தண்ணி, தம்பி தங்கச்சி எல்லாம் அந்தப் பிள்ளை தலையில. ஓ.எல். பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்கு, நிமிஷம் விழவே இல்ல. டெப் போச்சுன்னா பரீட்சையும் போச்சு.

திடீர்னு ஒருநாள் சுகந்தி பேர்ல ஏழு மணி நேரம்! சேர் அவளை எழுப்பி எப்படின்னு கேட்டார். அவ வாயத் தொறக்கிறதுக்குள்ள பின் வரிசையில தர்ஷினி எழும்பினா.

"நாங்க ஏழு பேர்தான் சேர். அவ டெப்ல ஆளுக்கு ஒரு மணி நேரம் வாசிச்சோம். வாசிச்சதை அவ சமைக்கிறப்போ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தோம். எங்க அம்மாங்க மலையில முடியாதவங்க பைக்கு ஒரு புடி கொழுந்து போடுவாங்கதானே?"

லயத்து வரிசையில அந்த டெப் வீடு வீடாப் போயிருக்கு. இனி விசயம் நேரா அதிபர்கிட்டதான் போகும்னு நெனச்சேன். ஆனா சேரோட அம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான்.

"ஏழு மணி நேரம்னா எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும்," அப்படின்னார். "ஒரு மணி நேரத்தோட நிப்பாட்டுங்க. வெள்ளிக்கிழமை டெப்பை இங்க கொண்டாங்க, அன்னைக்கு நிமிஷம் நான் போடுறேன்."

அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வாசிச்சார்: "சுகந்தி, முழுப்பேர்."

சுகந்தி பாஸ் பண்ணி இப்ப ஏ.எல். படிக்கிறா.

சேர் கண் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டு ராகலையில அக்கா வீட்டுல இருக்கார். ரெண்டு மாசத்துக்கு எதையும் வாசிக்கக் கூடாதாம். அவர் டெப் என் மேசையிலதான் கெடக்கு. தெனமும் இடைவேளையில அதுல விஞ்ஞானப் புத்தகத்தைத் தொறந்து ஒவ்வொரு பக்கமா வாசிக்கிறேன். ஒரு மண்ணும் வெளங்கல. ஆனா நான் இருக்கிற வரைக்கும் அந்த மனுசனுக்கு அரைப்பேர் விழாது.