இடப்பக்கம் இழுக்கும் நாற்காலி

பினாங்கு,
ஆகஸ்ட் 1986

அன்புள்ள மருமகன் விமலேந்திரனுக்கு,

மாமா அப்புத்துரை எழுதிக்கொள்வது. கோலாலம்பூரில் நீ சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். இங்கே உன் மாமி யோகம்மா சுகம், பூனை சுகம். எனக்குச் சுகமில்லை, காரணம் நீ.

பாரிசவாதம் வந்து இடக் கையும் காலும் விழுந்ததிலிருந்து, ஆறு வருடமாக என் சக்கர நாற்காலியை மாமிதான் தள்ளுகிறாள். அவளுக்கோ இடுப்புவலி. "மாமி இனி தள்ளவே வேணாம், நான் மோட்டர் வச்சுத் தாறேன்லா" என்று, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கற்ற வித்தையையெல்லாம் என்மேல் இறக்கினாய். பழைய வண்டிகளின் வைப்பர் மோட்டர் இரண்டு, இருக்கைக்கு அடியில் கார் பேட்டரி. ஓட்டுவதற்கு என் வாசல் மணியின் பொத்தானையே கழற்றிக் கைப்பிடியில் வைத்தாய். இப்போது வருகிறவர்களெல்லாம் கதவைக் குத்துகிறார்கள். மறுநாளே வேலை மாற்றம் என்று பஸ் ஏறிவிட்டாய்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் புறப்பட்டேன். மாமி குடையோடு பின்னால் வந்தாள். தெருமுனையில் கோவில் வலப்பக்கம். நாற்காலி இடப்பக்கம் திரும்பியது. ஒரு மோட்டர் சின்னக் காருடையது, மற்றது வேனுடையது என்பது பிறகுதானே தெரிந்தது. வேன் மோட்டர் வலச் சக்கரத்தை உதைக்க உதைக்க நான் இடப்பக்கமே போனேன், கையை எடுத்தால் நிற்கும் என்றாயே, எடுத்தேன், பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டது, பிரேக்கை இழுத்தேன், அது கையோடு வந்துவிட்டது, மாமி "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, ரொட்டிக்கடை சீனி முகம்மது மேசையை இழுத்து வழிவிட்டு "எங்க அண்ணே இவ்ளோ அவசரமா?" என்று விசாரிக்க, நெற்றியில் திருநீறும் மடியில் அர்ச்சனைத் தட்டுமாக, வாழ்நாளில் ஒரு துளி தொடாத நான் நேரே கள்ளுக்கடைக்குள் போய் நின்றேன். நின்றேன் என்பதும் பொய். பெஞ்சில் முட்டிக்கொண்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு லாரன்ஸ், ஞாயிறு பூசையில் பாடுகிறவன், எழுந்து வந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான்.

"வாங்க அண்ணே, உக்காருங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "சரிலா, உக்காந்துதான் இருக்கீங்க."

கடையே சிரித்தது. அர்ச்சனைத் தேங்காயை உடைத்து அவர்களே தின்றார்கள். மாமி வாசலோடு நின்று, "இத்தனை வருஷமா உங்கள நம்பினேனே" என்றாள். அவள் சந்தேகப்படுவது நாற்காலியை அல்ல, என்னை. அன்றிலிருந்து சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

ஆகவே இதைக் கண்டவுடன் புறப்பட்டு வா. மோட்டர், பேட்டரி, வயர் ஒன்று விடாமல் கழற்றிக்கொண்டு போ. என் மருமகன் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொன்ன வாயை உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டேன்.

உனக்கும், அங்கே நீ தொடப்போகும் இயந்திரங்களுக்கும் கந்தன் துணை.

கோபம் தணியாத உன் மாமா,
அப்புத்துரை

பின்குறிப்பு: இதைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் மாமி கண்ணயர்ந்திருக்கிறாள். லாரன்ஸ் கழன்ற பிரேக்கைத் திரும்ப மாட்டி முடுக்கி, வேறு சுவிட்ச் போட்டுத் தந்தான். இடப்பக்கம் இழுக்கும்போது வலச் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் பிடித்தால் நேராகப் போகிறது. இந்த ஆறு வருடத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் தெருவுக்கு வந்தது இன்றுதான். சற்று நேரம் சும்மா நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தேன். அவசியம் வா, மாமியும் தேடுகிறாள். ஸ்பானரை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.