பதினெட்டாயிரம் ரூபாய்க் குற்றம்

ஒரு மனிதன் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்ப்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. சேர்த்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால்தான் வம்பு. இந்த நுட்பம் தெரியாததால் சிட்லபாக்கம் எலியேசர் 1971ஆம் வருஷம் முழுவதும் படாத பாடு பட்டார்.

எலியேசர், சைதாப்பேட்டையில் இருந்த காலிச்சாக்கு மீட்பு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ரேஷன் அரிசி வந்த சாக்குகள் காலியான பிறகு எங்கே போகின்றன என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க முப்பத்திரண்டு பேரை வேலைக்கு வைத்தார்கள். சாக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு பேருக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. சாக்கு வியாபாரிகள் எல்லோரும் இங்கே வந்து, தங்களிடம் இருப்பது அரசாங்கச் சாக்கு அல்ல என்று சான்றிதழ் வாங்கிப் போக வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் இந்தத் தேசத் தொண்டைச் செய்ததில் எலியேசருக்கு அலுத்துவிட்டது. "கர்த்தரே ஆறு நாள் வேலை செஞ்சுட்டு ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தார். நான் மட்டும் அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் சாக்கு எண்ணணுமா?" என்பது அவர் கட்சி. நாற்பத்தைந்து முடிந்த அன்றே வேலையை விட்டுவிட வேண்டும். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். மீன் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி. உலகத்தில் அவர் வேண்டியது இது ஒன்றுதான்.

அதற்கு பாங்கில் பதினெட்டாயிரம் ரூபாய் வேண்டும். மாதம் நூற்றைந்து ரூபாய் வட்டி வரும். அவரும் மனைவி யூனிஸும் தொண்ணூற்றிரண்டு ரூபாயில் காலம் தள்ளப் பழகிக்கொண்டால் போதும். வீடு சொந்த வீடு. பழகுவதற்காக எலியேசர் பத்தொன்பது வருஷமாக வீட்டையும் ஓர் அலுவலகமாகவே நடத்தி வந்தார். வருஷத்துக்கு ஒரு கணக்கு நோட்டு. செலவுகள் அத்தியாவசியம், ஓரளவு அத்தியாவசியம், ஆடம்பரம் என்று வகை பிரிக்கப்பட்டிருந்தன. காபி இரண்டாவதில் இருந்தது. இரண்டாவது டம்ளர் காபி மூன்றாவதில்.

"ஏங்க, உப்பு தீர்ந்துடுச்சு" என்பாள் யூனிஸ்.

"எழுதிக் கொடு."

"உப்புக்குமா?"

"போன மாசம் வாங்கின உப்பு என்ன ஆச்சுன்னும் ஒரு வரி சேர்த்துக்கோ."

"நீங்க சாப்பிட்டீங்க. வேற என்ன ஆகும்?"

"அதையே எழுது. சாட்சி கையெழுத்து நான் போடறேன்."

விருந்தினர் செலவுக்கு வருஷத்துக்கு நான்கு ரூபாய் ஒதுக்கீடு. மார்ச்சுக்குள் அது தீர்ந்துவிட்டால், ஏப்ரலில் வரும் உறவினர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பல்லாவரத்து அத்தை வீட்டுக்குப் போய்விடுவார்கள். யூனிஸ் பொறுமைசாலி. ஆனாலும் தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று தெருவே புதுத்துணி கட்டும் நாட்களில் அவளுக்கும் மனசு வலிக்கத்தான் செய்யும்.

பதினெட்டாயிரம் சேர்ந்தது. எலியேசர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அது ஜனவரி மாதம். ஜனவரியில் ஊழியர்கள் அனைவரும் சொத்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்த அலுவலகத்தின் வழக்கப்படி, குமாஸ்தா சிட்டிபாபு முப்பத்திரண்டு படிவத்தையும் தானே எடுத்து, எல்லாவற்றிலும் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வான். சேலையூரில் மூன்று மனை வாங்கியவருக்கும் 'இல்லை'தான், செருப்புக்கு வார் இல்லாதவருக்கும் 'இல்லை'தான். சமதர்மம் என்றால் அந்த ஒரு காகிதத்தில்தான் பார்க்கலாம்.

விலகும்போது கோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று எலியேசர் இந்த முறை தன் படிவத்தைக் கேட்டு வாங்கி, பதினெட்டாயிரத்தையும் முத்து முத்தாக எழுதினார்.

சிட்டிபாபு பதறிப்போனான். "இன்னா சார் இது! எல்லாரும் இல்லைன்னு குடுத்துட்டாங்கோ. நீங்க மட்டும் இன்னாத்துக்கு உள்ளதை எழுதிகினு கீறீங்க?"

"உள்ளதை எழுதறதுக்குத்தானேப்பா படிவம்?"

"இவ்ளோ வருஷம் சர்வீஸ் போட்டுட்டு இதுகூடத் தெரியலியே சார். பேஜார்ல மாட்டிக்கப் போறீங்க."

நான்காம் நாள் குறிப்பாணை வந்தது. மேற்படி எழுத்தர் தம் சொற்ப ஊதியத்தில் பெருந்தொகை ஈட்டியது எங்ஙனம் என்பதை ஏழு தினங்களுக்குள் விளக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவரது ராஜினாமா பரிசீலிக்கப்பட மாட்டாது. எலியேசர் பத்தொன்பது நோட்டுகளையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு விசாரணை அதிகாரி ஜெயவேலுவின் மேஜைக்குப் போனார்.

ஜெயவேலு மாடம்பாக்கத்துக்காரர். முதலில் சாக்கைத் தடவிப் பார்த்து, அது அரசாங்கச் சாக்கு அல்ல என்று எலியேசரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு நோட்டைப் பிரித்தார்.

"வாழைப்பழம் ஒண்ணு, நபர் ரெண்டு. பத்து பைசா. என்ன சார், இது மனுஷன் வாழற கணக்கா?"

"வாழ்ந்துட்டோமே சார். எதிர்லதானே நிக்கறேன்."

"நீங்க உயிரோட இருக்கறது ஆவணம் ஆகாது. ஒரு மாசம் நான் நேர்ல வந்து பார்க்கறேன். தொண்ணூத்திரண்டு ரூபாய்ல முடிஞ்சா நீங்க யோக்கியர்."

எலியேசருக்கு நிம்மதியாகப் போயிற்று. இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா?

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஜெயவேலு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீடு தேடி வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் இருக்க யூனிஸால் முடியவில்லை. காபி கொடுத்தால் இட்லி கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மாலையில் மறுபடி பார்வை, மறுபடி காபி, கூட இரண்டு வடை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் அன்று முழுநாள் விசாரணை. கோயிலில் ஆராதனை முடிந்து இவர்கள் திரும்புவதற்குள் வாசலில் நிற்பார். அன்றைக்கு ஆட்டுக்கறி.

மாதம் முடிந்தது. செலவு நூற்று முப்பத்தொரு ரூபாய்.

"பார்த்தீங்களா? கணக்கு பொய்" என்றார் ஜெயவேலு, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

"அந்த முப்பத்தொம்பது ரூபாயும் நீங்க சாப்பிட்டது சார்!"

"நான் சாப்பிட்டேன்னு அரசாங்கக் காகிதத்துல எழுத முடியுமா? அது கையூட்டு ஆயிடும். உங்களைக் காப்பாத்தத்தான் நான் அதை எழுதலை."

எலியேசர் அன்று ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து, வாய்விட்டு அழாத குறையாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடியிருந்தால் இந்நேரம் வீடு வந்து சேர்ந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக ஜெபமும் செய்தார்.

இதற்குள் அலுவலகத்தில் பீதி பரவிவிட்டது. பணம் வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரியவன் என்றால் கடன் வைத்திருப்பவன் உத்தமன் என்றுதானே அர்த்தம்? சொத்து அறிக்கையோடு ஒரு கடன் பத்திரத்தையும் இணைத்துவிட்டால் பத்திரம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் கடன் தேட ஆரம்பித்தார்கள். கடன் இல்லாதவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காண்டீனில் "எனக்கு ரெண்டாயிரம்", "எனக்கு மூவாயிரம்" என்று தலை நிமிர்ந்து பேசிக்கொண்டார்கள். நகையை அடகு வைக்கலாமென்றால், நகை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். புரோநோட்டில் கைக்கடன்தான் கௌரவம். ஆனால் கொடுக்க யாரிடம் ரொக்கம் இருக்கிறது?

ஒரு மாலை ஜெயவேலு காபி குடித்துக்கொண்டே வழி சொன்னார். போன வருஷம்தான் மாடி கட்டி முடித்திருந்ததால் அவருக்கே ஒரு கடன் அவசரமாகத் தேவைப்பட்டது.

"பணம் இருக்கறதுதானே சார் உங்க குற்றம்? இல்லாம பண்ணிடுங்க. உங்க மிஸஸ் பேருக்கு மாத்தி, அவங்க எங்களுக்கெல்லாம் கடனாக் குடுத்துடட்டும். அவங்க அரசு ஊழியர் இல்லை, விதி தடுக்காது."

"கடன் கொடுத்ததும் சொத்துதானே?"

"கைக்கு வந்தாத்தான் சார் சொத்து. மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி."

எலியேசர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பாங்க் தருவது நூற்றைந்து. இவர்கள் தருவது நூற்றெண்பது. எழுபத்தைந்து ரூபாய் அதிகம்! "வேண்டாங்க, அந்த ஆளுங்க மூஞ்சியே சரியில்லை" என்று யூனிஸ் சொன்னதற்கு, "நிதி விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வதானால் எழுதிக் கொடு" என்று பதில் வந்தது. அவள் எழுதிக் கொடுக்கவில்லை.

பதினெட்டுப் பேர், தலைக்கு ஆயிரம். மேலதிகாரி கையெழுத்தும் அதில் ஒன்று. ஒரே வாரத்தில் ஆணை பிறந்தது: மேற்படி எழுத்தரிடம் எதுவும் இல்லை என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டதால் அவர் நேர்மையானவர் என முடிவு செய்யப்படுகிறது, ராஜினாமா ஏற்கப்படுகிறது. மாலை போட்டார்கள். 'உழைப்பின் சிகரம்' என்று பேசினார்கள். மறுநாள் எலியேசர் எட்டு மணிவரை தூங்கினார். பிறகு தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போய், ஒரு மீனும் பிடிக்காமல், இருபத்திரண்டு வருஷத்தில் காணாத சந்தோஷத்தோடு திரும்பி வந்தார்.

முதல் மாத வட்டி வரவில்லை. ஐந்தாம் தேதி வரை பார்த்துவிட்டு, சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறி அலுவலகம் போனார்.

"வட்டியா சார்? ஜெயவேலு சார் கேம்ப் போயிட்டாரு, நாளைக்கி வாங்கோ" என்றான் சிட்டிபாபு கவுன்ட்டருக்கு உள்ளேயிருந்து. அவனும் ஆயிரம் வாங்கியவன்.

நாளைக்குப் போனார். மூன்று பிரதியில் விண்ணப்பம் கேட்டார்கள். கொடுத்தார். புரோநோட்டு நகலில் சான்றொப்பம் இல்லையென்று திருப்பினார்கள். வாங்கி வந்தார். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போய்க் கேட்டால் கீழே வந்துவிட்டது. வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. தினமும் எட்டேகால் ரயில். சும்மா போய்வர வீணாகச் செலவாகிறதே என்று கடைசியில் மாத சீசன் டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

நின்று நின்று கால் வலித்தது. அவருடைய பழைய நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அந்த இடத்துக்கு ஆள் போடும் கோப்பு யாரோ லீவில் போனதால் நகரவில்லை. அதில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்கவில்லை, எதிரே கிடந்த சான்றிதழ் விண்ணப்பங்களை எடுத்துச் சரிபார்த்து அடுக்கினார். சிட்டிபாபு நன்றியோடு தன்னுடைய கட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அலுவலகத்தில் நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான் என்று மேலதிகாரி மனம்விட்டுப் பாராட்டினார். வட்டியைப் பற்றி அவர் பேசவில்லை.

தாம்பரம் மார்க்கெட் சாக்கு வியாபாரி அரிகிருஷ்ணன் மூன்று மாதமாக ஒரு சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார். எலியேசர் பத்து நிமிஷத்தில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். வியாபாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு ரூபாய்த் தாளை மேஜையில் வைத்தார்.

எலியேசருக்கு உடம்பே கூசியது. "என்னய்யா இது! நான் இங்க வேலையிலேயே இல்லை."

"அதனாலதான் சார் குடுக்கறேன். வேலையில கீறவங்க வாங்கிகினும் வேலை செய்யறதில்லை."

இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். அரிகிருஷ்ணன் போய்விட்டார், தாள் மேஜையிலேயே இருந்தது. அன்று மாலை அதை யூனிஸ் கையில் கொடுக்கும்போது எலியேசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் நடத்தை விதிகள் புத்தகத்தை எடுத்து, கையூட்டு என்பதன் விளக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தரம் படித்தார். 'அரசு ஊழியர் ஒருவர் பெறுவது' என்று தெளிவாகப் போட்டிருந்தது.

யூனிஸ் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "நாளைக்கும் வருமா இது?"

"வெளியே ஒன்பது பேர் நின்னாங்க."

"சரி, வரவுல என்னன்னு எழுதட்டும்?"

எலியேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஓய்வூதியம்னு எழுது" என்றார்.