பதினாலாயிரம் கிலோமீட்டர் பட்டினி

நாராயணசாமிக்குக் காலைக் காபியே கிடைக்கவில்லை.

"கவின் சிகாகோல இறங்கற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது. பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்," என்றாள் ராதா. மகன் விடியற்காலை விமானத்தில்தான் கிளம்பியிருந்தான்.

"எவ்ளோ தூரம்னு தெரியுமாடி? பதினாலாயிரம் கிலோமீட்டர். முழுசா ஒரு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

"விரதம் இருக்கறவ நீ இரு. என் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

"தாராளமா போய்ச் சாப்பிடுங்க. நடுவானத்துல ஏதாச்சும் ஆனா என்னைக் கேக்காதீங்க."

இதைக் கேட்டபின் எந்த அப்பனுக்குச் சோறு இறங்கும்? நாராயணசாமி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குப் பாசத்தைப் பசி ஜெயித்தது. போனில் ரகசியமாக மசால் தோசை ஆர்டர் செய்தார். பார்சல் வந்த நேரம் பார்த்து ராதா வாசலில் நின்றிருந்தாள். அதை வாங்கிக்கொண்டு மாடியில் குடியிருக்கும் ரக்ஷிதாவிடம் கொடுக்கப் போனவள், வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். முகத்தில் வாட்டமே இல்லை. பக்தி முற்றிவிட்டது என்று நாராயணசாமிக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

ஒரு மணிக்கு விமானம் பிராங்க்பர்ட்டில் இறங்கியதாகப் போன் காட்டியது.

"இறங்கிட்டான். அடுப்பைப் பத்த வை."

"எங்க இறங்கினான்?"

"ஜெர்மனி."

"நான் வேண்டிக்கிட்டது சிகாகோ."

"ஏன், உன் பிள்ளையாருக்கு ஜெர்மனி ஆகாதா?"

ராதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாராயணசாமி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், சிகாகோ வந்துட்டேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"நான் இன்னும் அடுத்த பிளைட்டே ஏறலப்பா. சாமி விஷயத்துல பொய் சொல்லச் சொல்றீங்களே."

"பெத்த அப்பனுக்காக ஒரு பொய் சொல்லத் துப்பில்ல. உன்னையெல்லாம் எதுக்குடா படிக்க வச்சேன்?"

எல்.கே.ஜி.யில் அவன் தொலைத்த தண்ணி பாட்டிலில் ஆரம்பித்து வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தார். காலேஜ் அரியரை எட்டியபோது மறுமுனையில் குரல் மாறியது.

"அப்பா, கேட்டை மூடிட்டாங்க."

"எந்தக் கேட்டை?"

"நான் ஏற வேண்டிய கேட்டை. நாளைக்குத்தான் அடுத்த பிளைட்டாம்."

நாராயணசாமி வெளியே வந்தபோது கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். முதல்முறையாக அவள்மேல் இரக்கம் வந்தது.

"நான் எப்படியோ கிடக்கறேன். நாளை ராத்திரி வரைக்கும் நீ எப்படிம்மா தாங்குவே?"

ராதா தரையைப் பார்த்தாள். மாடிப்படியிலிருந்து ரக்ஷிதா எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, காலைல சாப்பிட்ட அந்த ஒரு தோசை உங்களுக்குப் பத்தியிருக்காது. நைட்டுக்கு பிசிபேளே பாத் பண்றேன், வந்துடுங்க. அங்கிள் பட்டினி இருப்பார்னுதானே வேண்டிக்கிட்டீங்க, உங்களுக்கென்ன?"