ஊமல் தூளும் உன் மகளும்

கொழும்புத்துறை,
தை 27.

அன்புள்ள தம்பி சோமசேகரத்துக்கு,

நான் நலம். ரொறன்ரோப் பனிக்குள் நீயும் விறைக்காமல் இருப்பாய் என நம்புகிறேன். தர்சினியின் தொழில் தேறுமா, அல்லது விமான ரிக்கற் போட்டு அங்கே அழைத்துவிடவா என்று கேட்டிருந்தாய். தாவரவியல் படிப்பித்த பட்டதாரி என்ற முறையில் என் பக்கச்சார்பற்ற தீர்ப்பு: அழைத்துவிடு.

பனங்கிழங்கு பிடுங்கியபின் எஞ்சும் ஊமல் கொட்டையை ஊரார் அடுப்பில் வைப்பார்கள். உன் மகள் அதை மில்லில் அரைத்து, மூன்றுமுறை அரித்து, முகத்தில் தேய்த்தால் இறந்த தோல் கழன்றுவிடும் என்கிறாள். உடைந்த கொட்டைத் துணிக்கைக்குக் கூரான விளிம்பு உண்டு, முகத்தைக் கீறும் என்றேன். "மாமி, அது உங்கடை காலத்துச் சயன்ஸ்" என்றாள். கொழும்பு நகரிலுள்ள கடையொன்றுக்கு மாதிரிக்குப் பன்னிரண்டு குப்பிகள் அனுப்பினாள். நிரப்பும் வேலை மட்டும் எனக்கு. கடைக்குப் பிடித்தால் இங்கே இருப்பாள், பிடிக்காவிட்டால் கனடா. மறுநாள் ஞாயிறு. குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் அற்புதராணி நல்ல நண்டு தந்தாள். காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி அவளையும் இருத்தினேன். கூழில் நண்டின் ஓட்டுக் கோது கடிபடுவது வழமை. ஆகையால் மூவரும் மரியாதையாகத் துப்பித் துப்பி இரண்டு கோப்பை குடித்தோம். மூன்றாவதில் அற்புதராணி வாயைத் திறந்தாள்.

"ரீச்சர், நண்டு சின்னன், கோது கனக்கக் கிடக்குது."

"நண்டெண்டால் கோது இருக்கும்தானே, குடியும்."

தர்சினி கோப்பைக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "மாமி, எந்த ரின்னிலை மா அள்ளினனீங்கள்?"

"ஒடியல் மா எண்டு எழுதின ரின்னிலைதான்."

"ஐயோ மாமி, இது என்ரை ஊமல் தூள்!"

"அப்ப இனிக் குடலும் பளபளக்கும்" என்று அற்புதராணி மிச்சத்தையும் குடித்தாள். குப்பிகளில் கொழும்புக்குப் போனது ஒடியல் மா என்பது அப்போதுதான் விளங்கியது. பிள்ளை அழுதழுது, தேய்க்காமலே முகம் சிவந்துவிட்டது. ஒரே மாதிரியான இரண்டு பால்மா ரின்களில், மூடியில் மட்டும் பெயரெழுதி வைத்தவள் அவள். இவளுக்குத் தொழில் சரிவராது.

நல்லூரான் உனக்கும் உன் மனைவி உதயகலாவுக்கும் நல்ல உடம்பையும், உங்கள் மகளுக்குச் சற்று நிதானத்தையும் தருவானாக.

உன் மூத்த சகோதரி,
அருந்ததி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. முகத்துக்கு இத்தனை இதமான தூளை அவர்கள் கண்டதில்லையாம், மாதாமாதம் வேண்டுமாம். மிஞ்சிய ஊமல் தூளை என் குதிக்காலில் தேய்த்துப் பார்த்தேன், வெடிப்பைக் காணோம். ஆக, முகத்துக்கு ஒடியல், குதிக்காலுக்கு ஊமல். இனித் தொழிலில் நானும் பங்காளி, தர்சினியை அனுப்ப இயலாது. ரின்களைத் துடைத்துவிட்டு மூடிகளை மாற்றிப் போட்டவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. ரிக்கற்றை விட்டுவிட்டு எனக்கொரு நல்ல மூக்குக்கண்ணாடி அனுப்பு.