மச்சான் கொடுத்த காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது சம்பந்தமாக

நாரணாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ராஜபாண்டியன் அவர்களுக்கு, கோட்டைச்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி வேலுத்தாய், பிள்ளை இசைவாணி மூவரும் சாமி புண்ணியத்தில் சுகம். கார் மட்டும் சுகமில்லை. சென்னையில் தாங்களும் அக்காவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதாசி எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும். காரைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. முந்தாநாள் போனில் தாங்கள், "தொல்லையா இருந்தா சொல்லுங்க மாப்ள, ஞாயித்துக்கிழமை விருதுநகர் கல்யாணத்துக்கு ரயில்ல வாரேன், போகும்போது நானே வண்டிய ஓட்டிட்டுப் போயிருதேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். உங்கள் தங்கச்சி பக்கத்தில் நின்றதால், "வண்டிக்கென்ன மச்சான், குதிரை மாதிரி ஓடுது" என்று சொல்லிவிட்டேன். அது பொய். உண்மையைக் கம்பெனிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கொடுத்த பொருளைக் குறையாகவே பேசக் கூடாது. சின்ன வண்டி, எந்தச் சந்திலும் நுழையும், தெருவில் எருமை படுத்திருந்தாலும் ஒதுங்கிப் போகும். பெட்ரோலைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கிறது. எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கார். அது வந்து நின்ற அன்றைக்கு உங்கள் தங்கச்சி ஆரத்தி எடுத்தாள் பாருங்கள், கல்யாணத்தன்று எனக்கு எடுத்த ஆரத்தியில்கூட அம்புட்டு நிதானம் இல்லை. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வண்டி தங்கம்தான். வெயில் வந்ததும்தான் அதன் சுயரூபம் தெரிந்தது. ஆனைக்குட்டம் போகிற வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளு உச்சிக்கு ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் இராமகிருஷ்ணன் வந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் மாத்தணும்ணே. அதுவரைக்கும் ஹீட்டரப் போட்டு ஓட்டுங்க, இன்ஜின் சூட்டை உள்ள இழுத்துரும், வண்டி நிக்காது" என்றான். வண்டி நிற்கவில்லைதான். காரியாபட்டி காதுகுத்துக்கு அக்கினி நட்சத்திரத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன குடும்பம் இந்த ஜில்லாவில் எங்கள் குடும்பம் ஒன்றுதான். இசைவாணி முகத்துக்குப் போட்ட பவுடர் கழுத்துக்கு இறங்கிவிட்டது. எனக்குச் சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. மண்டப வாசலில் யாரோ, "ஏசி வண்டியிலயா வந்தீக?" என்று கேட்க, உங்கள் தங்கச்சி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சமும் கூசாமல், "ஆமா, எங்கண்ணன் குடுத்தது" என்றாள்.

இதே கம்பெனி, இதே மாடல் வண்டியை அச்சாபீஸ் மகேஷ்குமார் முதலாளியும் வைத்திருக்கிறார். வாங்கி எத்தனையோ வருசம் ஆச்சாம், ஒரு நாளும் வழியில் நின்றதில்லையாம், இந்த விலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்று சத்தியம் பண்ணுகிறார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நம்ம வண்டிக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டேன். "கடைசியா எப்ப ஆயில் மாத்துனீக?" என்றார். மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். மனுசர் அதற்கப்புறம் என்னிடம் காரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சரி, அந்தக் கொஞ்சப் பெட்ரோல் செலவையும் குறைப்போம் என்று கேஸ் கிட் மாட்டினேன். மற்ற ஊரில் அது புத்திசாலித்தனம். நான் யார்? பட்டாசுக் கம்பெனி போர்மேன். தினமும் காலையில் வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி, தீப்பெட்டி ஆகாது, பீடி ஆகாது, போன் ஆகாது என்று வகுப்பெடுக்கிற ஆள். கேஸ் மாட்டின மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் ஜெயபாண்டி வழக்கம்போல என் சட்டைப்பையைத் தடவினான். பிறகு டிக்கியைத் திறந்தான். "அண்ணே, நான் ஒங்க பையில தீப்பெட்டி தேடிக்கிட்டு இருக்கேன், நீங்க சிலிண்டரோட வாரீகளே!" என்று அவன் போட்ட சத்தத்தில் உள்ளே வெடிக்கு மருந்து செலுத்துகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வண்டியை மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நடக்கிறேன். கார் வருவதற்கு முன்னால் கம்பெனி வேனில் வாசலில் போய் இறங்கிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அதே வேன் என்மேல் புழுதியை அடித்துவிட்டுப் போகிறது, உள்ளேயிருந்து கை வேறு காட்டுகிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை மச்சான். போன மாசம் நான் லீவு போட்டிருந்த ஒரு நாள், தெருவில் வண்டியைக் கிளப்பினேன். கேஸ் சரியாக எரியாமல் புகைக்குழாயில் டமார் என்று ஒரு வெடி. மற்ற ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் எந்த வீட்டில் விசேஷம் என்று பார்ப்பாக. இங்கன வானத்தைப் பார்ப்போம், புகை எந்தத் திசையில் என்று. அம்புட்டு வீட்டுப் பொம்பளைகளும் வெளியே ஓடி வந்துட்டாக. எதிர்வீட்டு மாரிசெல்விக்குப் புருசன் பட்டாசு வேலைக்குப் போயிருந்தான். அவள் போனில் கம்பெனி நம்பரைத் தப்புத் தப்பா அமுக்கிக்கிட்டு நின்னா. நம்ம வண்டிதான் என்று தெரிந்ததும் அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நம்ம வண்டிதானாண்ணே, நல்லவேளை" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உசுரே போயிருச்சு. அன்றைக்கே கிட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். ஜெயபாண்டியிடம் சொன்னால் நம்ப மாட்டேங்கிறான், நடை மட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் உங்க தங்கச்சி யாரைக் குறை சொல்றா? என்னைத்தான். "எங்கண்ணன் குடுக்கும்போது சிலிண்டரா இருந்துச்சு? ஒங்களுக்கு ஓட்டத் தெரியல" என்கிறாள். விருதுநகர் பஜாரில் வண்டி நின்றபோது நான், இசைவாணி, பருப்புக் கடைக்காரர் எல்லாரும் தள்ளுகிறோம், இவள் மட்டும் முன்சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் அண்ணன் குடுத்த வண்டி நின்னுபோச்சுன்னு நாலு பேர் சொல்வாகளாம். உள்ளே உட்கார்ந்து தேரில் வருகிற அம்மன் மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பட்டாசுக்குப் பயந்தவன் இல்லை மச்சான், இந்த வண்டிச் சாவியை எடுக்கத்தான் பயமா இருக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வந்து, என் பெயரை இழுக்காமல், தங்களுக்கே தேவைப்படுவதாகச் சொல்லி, வண்டியை எடுத்துப் போகுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். அங்குள்ள பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர மாரியாத்தா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
கோட்டைச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கிழித்துப் போடலாம்தான், ஆனால் ரேடியேட்டர் பற்றி எழுதியது உண்மை. அங்கே நல்லதாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி வரவும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உங்க தங்கச்சி என் சட்டைப்பையில் இருந்த கவரைப் பார்த்துட்டா. "அண்ணனுக்கா? வண்டிய எடுத்துக்கிடச் சொல்லிட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். நான் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், குடிதண்ணிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். குழாயில் தண்ணி வந்து வாரக் கணக்காச்சு மச்சான், குடிக்க வைத்திருந்த தண்ணி. "அண்ணன் எடுத்துட்டுப் போகையில அழுக்கா இருக்கக் கூடாதுல்ல" என்றாள். கண்ணாடியில் தண்ணியை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, "என் கல்யாணத்துக்கு ஒண்ணும் செய்ய முடியலேன்னு அண்ணன் அழுதுச்சு. பொறந்த வீட்டுலருந்து எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். இதுல ஏறி உக்காந்தா அண்ணன் கூடவே வாரது மாதிரி இருக்கும்" என்றாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கக் கதவைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஆனால் வண்டியைக் கேட்டுறாதீக. காலையில் விருதுநகர் ஸ்டேசனுக்கு நானே காரை எடுத்துக்கொண்டு வாரேன். வெளியே வந்து பார்த்து நான் இல்லையென்றால் வழியில் எங்கேயோ நிற்கிறேன் என்று அர்த்தம். சிவகாசி பஸ் ஏறி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வாங்க, என்னைக் கண்டதும் இறங்கிருங்க, ரெண்டு பேருமாத் தள்ளுவோம். எங்கள் தெருமுனை வரைக்கும் தள்ளினால் போதும், அங்கனருந்து வீட்டு வாசல் வரை சரிவுதான், தானா உருண்டுரும், உங்க தங்கச்சி வாசல்ல பார்த்துக்கிட்டு நிப்பா. உருட்டுவதற்கு முன்னால் வேர்வையைத் துடைத்துவிட்டு நீங்க முன்சீட்டில் ஏறி உட்காந்துக்கிடுங்க.