ஓடைச் சுற்றில் ஐந்தாவது ஆள்

முதல் பாலத்தைத் தாண்டியதும் சுடலைமணி தலைகளை எண்ணினான். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன.

பனிமூட்டத்தில் கண் ஏமாற்றியிருக்கும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். பெரியவர் சுப்பராமன், ஒன்று. அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையோடு அவர் வீட்டம்மா, இரண்டு. புதிதாகக் கல்யாணமான அமர்நாத், ஸ்ரீஜா, மூன்று, நான்கு. அவர்களுக்குப் பத்தடி பின்னால், மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உயரமாக ஓர் உருவம். ஐந்து.

விடுதி முதலாளி ராஜசேகர் கம்பம் ஊரிலிருந்து அனுப்பிய செய்தி போனில் இருந்தது. நாலு பேர், பாலக்காட்டுப் பக்கம், காலை ஏழு மணி. அதை அவன் மூன்று முறை படித்துப் பார்த்தான். நாலு நாலாகத்தான் இருந்தது.

சுடலைமணிக்கு இது வழிகாட்டி வேலையில் ஆறாவது நாள். அதற்கு முன் பதினான்கு வருஷம் ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவன். நெஞ்சில் சளி கட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிற நிலைமைக்கு வந்தபிறகு, டாக்டர் இனி மருந்து டப்பாவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓடைப் பள்ளத்தாக்கில் புதிதாகத் திறந்திருந்த விடுதியில் இந்த வேலை கிடைத்தது அவன் மனைவி செல்வலட்சுமி வேண்டாத தெய்வமில்லை என்பதால்தான். வேலையும் லேசு. வாசல் கேட்டில் தொடங்கி, ஓடையை ஒரு பாலத்தில் கடந்து, அக்கரையோடு நடந்து, இன்னொரு பாலத்தில் இக்கரைக்கு வந்து, அதே கேட்டுக்கு ஏறவேண்டும். மூன்று கிலோமீட்டர். 'எளிய வட்ட நடை, முதியோரும் நடக்கலாம்' என்று கேட்டில் பலகையே வைத்திருந்தார்கள். ராஜசேகர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். கூட்டிக்கொண்டு போன எண்ணிக்கை குறையாமல் திரும்பி வரவேண்டும். குறைந்தால் வேலை போய்விடும். கூடினால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு அவன் கால் மணி தாமதம். மழைக்கோட்டுகளைக் கொடுத்து விருந்தாளிகளை அனுப்பி வைத்தது சமையல்காரி குருவம்மாள். அவன் ஓட்டமாய் ஓடி முதல் வளைவில் பிடித்தபோது எல்லாரும் பனிக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். "வணக்கம் சார், வணக்கம்மா" என்றான். பெரியவர் தலையசைத்தார். பின்னாலிருந்து ஸ்ரீஜாவும் வணக்கம் சொன்னாள். அப்போது எண்ணாமல் விட்டது தப்பாகிவிட்டது.

அவன் பின்னால் போய் அந்த மஞ்சள் கோட்டின் முன் நின்றான்.

"சார், உங்க பேரு?"

அது மெதுவாக ஒரு விரலைத் தூக்கி உதட்டின்மேல் வைத்தது. பிறகு இரண்டு கைகளையும் கூப்பியது.

சுடலைமணி இரண்டடி பின்வாங்கினான். சுடுகாட்டுக் காவல்சாமியின் பேரை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படுகிறவன் என்று தோட்டத்து லயன் வீடுகளில் எல்லாரும் அவனைக் கேலி செய்வார்கள். அவன் முன்னால் நடந்து வந்தபோது குடைக்கார அம்மாள் அவன் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"பேர் கேக்கப்படாது. பேர் தெரிஞ்சுண்டா விடாதாக்கும்."

அவளும் பார்த்திருக்கிறாள் என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அறுபது வயசிருக்கும். மழைக்கோட்டு போட்டிருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தான் நனைவதில்லை என்றாள். காலில் செருப்புக்கூட இல்லை. மற்றவர்கள் இரண்டடிக்கு ஒரு தரம் குனிந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் கால்கள் கழுவி வைத்ததுபோல் இருந்தன. பழக்கப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"இப்ப என்னம்மா செய்யிறது?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"பேடிக்காதே, பயம் வேண்டாம். சோடி சோடியா நடக்கச் சொல்லு. சோடி இல்லாதது தானே நின்னுடும்."

நல்ல யோசனையாகப் பட்டது. வழுக்குகிறது, இரண்டிரண்டு பேராகக் கைபிடித்து நடந்தால்தான் விழமாட்டார்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அமர்நாத் உடனே ஸ்ரீஜாவின் கையைப் பிடித்தான். சுப்பராமன் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் போய், அந்த மஞ்சள் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவரின் கண்ணாடி முழுவதும் பனி படிந்திருந்தது. வீட்டம்மா என்று நினைத்துத்தான் அதைப் பிடித்திருக்கிறார்.

"பாத்தியோ, கையைப் பிடிச்சாச்சு" என்றாள் அந்த அம்மாள். அவள் குரலில் கவலை இருந்தமாதிரி தெரியவில்லை. வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. அவள் இப்போது அவனோடு முன்னால் நடந்தாள்.

அவன் ஓடிப்போய்ப் பெரியவரின் கையை வெடுக்கென்று பிரித்து, அவரை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவர் ஏன் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன், வேகமாக நடங்கள், யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று உத்தரவு போட்டான். ஓடை இடது பக்கம் இரைந்துகொண்டிருந்தது. ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு இருபக்கமும் நின்று பாதையை மூடின. மேலே மரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. அவர்கள் வேகமாக நடந்தால் பின்னாலிருந்த காலடியும் வேகமாகியது. அவர்கள் நின்றால் அதுவும் நின்றது.

ஸ்ரீஜா அமர்நாத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவன் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்தது. இவர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று சுடலைமணி முடிவு செய்தான். குடைக்கார அம்மாளிடம் அவன் அதைச் சொன்னபோது ஸ்ரீஜா இன்னும் ஒரு அடி தள்ளிப்போனாள்.

பாதி வழியில் அவன் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமாக, சில்லென்று இருந்தது. திரும்பினான். மஞ்சள் கோட்டு அவனுக்கு நேரே நின்றது. தொப்பிக்குள் ஒரு வெள்ளைத்தாடி மட்டும் தெரிந்தது. மடித்த காகிதம் ஒன்றை அவன் முன்னால் நீட்டியது.

"வாங்காதே" என்றது காதருகே அந்த அம்மாளின் குரல்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். உருவம் காகிதத்தை அவன் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தது. அவன் தட்டிவிட்டான். அது ஓடையில் விழுந்து சுழன்று போயிற்று. உருவம் போகிற காகிதத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நெற்றியில் கைவைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவன் அந்த அம்மாளின் பக்கத்தை விட்டு அகலவில்லை. அவள் அவனை விசாரித்துக்கொண்டே வந்தாள். எந்த ஊர், எத்தனை குழந்தைகள், நெஞ்சுச்சளி இப்போது எப்படி. நெஞ்சுச்சளியைப் பற்றித் தான் எப்போது சொன்னோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்படி அக்கறையாக யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"உன் பேர் என்னவாக்கும்?"

"சுடலைமணிம்மா."

"சுடலைமணி" என்று அவள் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். "நல்ல பேர். மறக்கமாட்டேன்."

இந்த வழி அவளுக்குப் புதிதில்லையாம். அடுத்த வளைவில் பாறை வழுக்கும் என்றாள், வழுக்கியது. அதற்கடுத்து பலாமரம் சாய்ந்து கிடக்கும் என்றாள், கிடந்தது. நேற்று வரை அந்தப் பலாமரம் நின்றுகொண்டிருந்தது என்பது அவனுக்கு நினைவு வந்தது. ராத்திரி மழையில் விழுந்திருக்கும்.

இரண்டாவது பாலம் வந்தது. பாலம் என்றால் இரண்டு கமுகுத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றில் கட்டியதுதான். கீழே ஓடை கலங்கி, மண்நிறத்தில் ஓடியது.

"இதுதான் நல்ல இடம்" என்றாள் அந்த அம்மாள். "எல்லாரையும் கடத்திட்டுத் தடியைத் தள்ளிவிடு. அதுகள் வெள்ளம் தாண்டாது."

முதல் பாலத்தை அது எப்படித் தாண்டியது என்று சுடலைமணி கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. சுப்பராமனைக் கைபிடித்து மறுகரை சேர்த்தான். அமர்நாத்தும் ஸ்ரீஜாவும் அவன் சொல்வதற்கு முன்பே கடந்துவிட்டார்கள். அந்த அம்மாளை அழைக்கத் திரும்பினால், அவள் ஏற்கெனவே மறுகரையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் கடைசியாக ஓடிவந்து, மஞ்சள் கோட்டு ஒரு காலைத் தடியில் வைக்கும் முன்னால் இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்து, இரண்டு தடிகளையும் உதைத்துத் தள்ளினான். ஓடை அவற்றை அடித்துக்கொண்டு போயிற்று.

எதிர்க்கரையில் அது இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியபடி நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அவர் அங்கே நிக்கறாரே" என்றார் சுப்பராமன். "நம்ம கூட வந்தவராச்சே."

"அப்படித்தான் சார் தோணும்" என்றான் சுடலைமணி. "அது ஆளு இல்ல."

அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நடங்கள் என்றால் நடந்தார்கள், நில்லுங்கள் என்றால் நின்றார்கள். சுப்பராமன் அவன் கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் சொல்வதுதான் சரி என்றார். ஆறு நாளில் விருந்தாளிகள் தன்னை இப்படி மதித்து நடந்தது இதுதான் முதல் தடவை என்று சுடலைமணிக்குப் பட்டது. பயத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கேட் கண்ணில் பட்டபோது அவன் வாய்விட்டு மூச்சுவிட்டான். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றான்.

சமையலறை வாசல் பெஞ்சில் மஞ்சள் மழைக்கோட்டு உட்கார்ந்திருந்தது. கையில் டீ கிளாஸ் இருந்தது.

அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான். குருவம்மாள் ஓடிவந்து பிடித்து உட்காரவைத்தாள். அவன் திக்கித்திணறி விஷயத்தைச் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, அவரு சிவப்பிரகாஷ் சாருல்லா. வேலந்தாவளத்து வாத்தியாரு. வியாழக்கிழமையானா மத்தியானம் வரைக்கும் வாயத் தொறக்கமாட்டாரு, மௌன விரதம். நாலாவது விருந்தாளியே அவருதான். பாலத்தைத் தள்ளிட்டேன்னு எழுதிக் காட்டுனாரு. நீங்க நின்னு நின்னு வர்றதுக்குள்ள வந்த வழியே வேகமாத் திரும்பி, முதல் பாலத்துல ஏறி உனக்கு முன்னாடியே வந்துட்டாரு."

மழைக்கோட்டின் தொப்பி இறங்கியது. வழுக்கைத்தலையும் வெள்ளைத்தாடியுமாக ஒரு மனிதர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி நீட்டினார். 'பாலம் போனால் போகட்டும். தம்பிக்கு இப்போது உடம்பு தேவலையா?'

சுடலைமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாத்தியாரின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். முதலாளியிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்று நோட்டில் எழுதிக் காட்டினார். அமர்நாத்தும் ஸ்ரீஜாவும் பெஞ்சின் அந்த முனையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். வேலை தப்பியது. போனவர்கள் திரும்பிவிட்டார்கள். இத்தனை நேரம் ஒரு நல்ல மனிதரைப் பேயாக்கி வைத்திருந்த தன் மூளையை நினைக்க அவனுக்கே வெட்கமாயிருந்தது.

குருவம்மாள் தட்டில் டீ கொண்டுவந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்ததும் தட்டு காலியாகிவிட்டது. இன்னும் ஒன்று போடு என்றான் சுடலைமணி. பயந்தவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்த அந்த அம்மாளுக்கு முதலில் டீ கொடுத்திருக்க வேண்டும். பாவம், அவர்களும் தன்னைப்போலவே வாத்தியாரைப் பார்த்துப் பயந்து போனவர்கள்தான். களைத்துப்போய் நேரே அறைக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. விஷயம் தெரிந்தால் அவர்களும் சிரிப்பார்கள். அவன் சுப்பராமனிடம் போய்ப் பணிவாகச் சொன்னான்.

"சார், உங்க வீட்டம்மாவையும் கூப்பிடுங்க. டீ ஆறிரும்."

சுப்பராமன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். மற்ற மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, உடம்பு சரியில்லாதவனிடம் பேசுவதுபோல் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"நேக்குக் கல்யாணமே ஆகலையேப்பா."